'தி பவர் ஆஃப் தி டாக்': ஒரே படத்தைப் பார்த்தவர்கள் ஏன் இரண்டாகப் பிரிந்தார்கள்?

2022 மார்ச் 27 அன்று நடந்த ஆஸ்கர் விழாவுக்கு 'தி பவர் ஆஃப் தி டாக்' 12 பரிந்துரைகளோடு வந்தது. அந்த ஆண்டு வேறெந்தப் படத்துக்கும் அத்தனை பரிந்துரைகள் இல்லை. விழா முடிந்தபோது கையில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, நியூசிலாந்தைச் சேர்ந்த ஜேன் கேம்பியனுக்குக் கிடைத்த சிறந்த இயக்குநர் விருது. சிறந்த படத்துக்கான விருது 'கோடா'வுக்குப் போனது. இயக்குநர் விருதை மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு படம் வீடு திரும்பியது, 1967இல் வந்த 'தி கிராஜுவேட்'டுக்குப் பிறகு அதுவே முதல் முறை.

விருது மேடையில் நடந்ததைவிடப் பெரிய பிளவு பார்வையாளர்களிடம் இருந்தது. விமர்சகர்களில் பெரும்பாலானோர் படத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். வீட்டில் நெட்ஃபிளிக்ஸில் பார்த்தவர்களில் ஒரு பெரிய கூட்டம் உதட்டைப் பிதுக்கியது. இரண்டு மணி நேரம் மலையையும் மாட்டையும் காட்டுகிறார்கள், ஒன்றுமே நடக்கவில்லை என்றார்கள். முடிவு புரியவில்லை என்றார்கள். இது கௌபாய் படமே இல்லை என்று கோபப்பட்டவர்களும் உண்டு. இன்னொரு பக்கம், படம் முடிந்த கையோடு மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

இதைப் பொறுமைசாலிகளுக்கும் பொறுமையில்லாதவர்களுக்கும் இடையிலான சண்டை என்று சுருக்கிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. படம் கட்டப்பட்டிருக்கும் விதத்திலேயே இந்தப் பிளவு இருக்கிறது. ஒரு கொலையை நம் கண்ணெதிரே நடத்திவிட்டு, இது கொலை என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் முடிகிற படம் இது. கவனித்தவருக்கு ஒரு படம், கவனம் சற்றே விலகியவருக்கு முற்றிலும் வேறு படம். அதை விளக்க வேண்டுமானால் முடிவைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு வரலாம்.

கதை 1925இல், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நடக்கிறது. ஃபில், ஜார்ஜ் என்று இரண்டு பர்பேங்க் சகோதரர்கள். பெரிய மாட்டுப் பண்ணை அவர்களுடையது. ஃபில்லாக பெனடிக்ட் கம்பர்பேட்ச். படித்தவன், புத்திசாலி, பான்ஜோ வாசிப்பவன், குளிக்காதவன், யாரையும் வார்த்தையால் குத்திக் கிழிப்பவன். தனக்குத் தொழில் கற்றுத்தந்த பிராங்கோ ஹென்றி என்ற இறந்துபோன மனிதரைத் தெய்வம் போல நினைப்பவன். தம்பி ஜார்ஜ் சாதுவான ஆள். ஜெஸ்ஸி பிளெமன்ஸ் நடித்திருக்கிறார். அவர், சாப்பாட்டு விடுதி நடத்தும் ரோஸ் என்ற விதவையை மணந்து வீட்டுக்கு அழைத்துவருகிறார். ரோஸாக வருபவர் கிர்ஸ்டன் டன்ஸ்ட். அவளுடைய மகன் பீட்டர், கோடி ஸ்மிட்-மெக்ஃபீ. ஒல்லியான பையன், காகிதப் பூ செய்பவன், மருத்துவம் படிக்கப் போகிறவன். ரோஸை ஃபில் மெல்ல மெல்ல நசுக்குகிறான். அவள் குடிக்குள் ஒளிந்துகொள்கிறாள். கோடை விடுமுறைக்கு வரும் பீட்டரையும் முதலில் கேலி செய்கிற ஃபில், பிறகு அவனோடு நெருங்குகிறான். அவனுக்காகத் தன் கையால் தோல்வாரில் ஒரு கயிறு பின்னத் தொடங்குகிறான். படம் முடியும்போது ஃபில் இறந்துவிடுகிறான்.

கௌபாய் படம் என்று உட்கார்ந்தவருக்கு இதில் முதல் ஏமாற்றம் காத்திருக்கிறது. அந்த வகைப் படங்களுக்கு நாம் அனைவரும் பழகிவிட்ட ஒரு கணக்கு உண்டு. கெட்டவன் ஊரை மிரட்டுவான், பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஒருவன் கடைசியில் துப்பாக்கியை எடுப்பான், நடுத்தெருவில் தீர்ப்பு நடக்கும். ஜெய்சங்கரின் கௌபாய் படங்களையும் டெக்ஸ் வில்லர் காமிக்ஸையும் பார்த்து வளர்ந்த நமக்கும் இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். கேம்பியன் இந்தக் கணக்கின் ஒவ்வொரு உறுப்பையும் வைத்துக்கொண்டிருக்கிறார். மிரட்டுகிறவன் இருக்கிறான், நிராதரவான பெண் இருக்கிறாள், அவளைக் காப்பாற்ற வருகிறவனும் இருக்கிறான். துப்பாக்கிச் சண்டையை மட்டும் எடுத்துவிட்டார்.

அதற்குப் பதில் என்ன வைத்தார் என்பதற்கு ஒரு காட்சி போதும். மனைவிக்காக ஜார்ஜ் ஒரு பியானோ வாங்கிவருகிறார். ஆளுநர் விருந்துக்கு வரும்போது அவள் வாசிக்க வேண்டும் என்று ஆசை. ரோஸ் தனியே உட்கார்ந்து 'ராடெட்ஸ்கி மார்ச்'சைப் பழகுகிறாள். தட்டுத்தடுமாறி ஒரு வரி வாசிக்கிறாள். மாடியிலிருந்து அதே வரி பான்ஜோவில் கேட்கிறது. அவள் நிறுத்துகிறாள், அதுவும் நிற்கிறது. மறுபடி தொடங்குகிறாள், பான்ஜோவும் தொடங்குகிறது. இந்த முறை அவளைவிட வேகமாக, அவளைவிடத் துல்லியமாக. ஃபில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஒருவர் மீது இன்னொருவர் கைகூட வைக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் யார் எஜமான் என்பது அங்கே முடிவாகிவிடுகிறது. விருந்தன்று ரோஸின் விரல்கள் அசையவே மறுக்கின்றன. 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று சொன்னவர்கள் பார்த்ததும் இதே காட்சியைத்தான். கூட்டுக் குடும்பத்தில் இப்படி ஓசையில்லாமல் ஒடுக்கப்படுகிறவர்களை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியில் மூச்சு முட்டும். துப்பாக்கி எப்போது வெடிக்கும் என்று காத்திருப்பவருக்கு இது வெறும் பியானோ பயிற்சி. ஜானி கிரீன்வுட் இந்தப் படத்துக்கு அமைத்த இசையிலும் இதே வேலை நடக்கிறது. செல்லோவைப் பான்ஜோ போல விரலால் மீட்டவைத்திருக்கிறார். ஃபில் திரையில் இல்லாத நேரத்திலும் அவன் வீட்டுக்குள் இருக்கிறான் என்ற உணர்வு அதிலிருந்து வருகிறது.

சரி, முடிவுக்கு வருவோம். மிக அதிகமானோர் தடுமாறிய இடம் இதுதான். ஃபில் எப்படிச் செத்தான்? பீட்டர் அவனைக் கொன்றான். எப்படி என்பது படத்தில் அங்கங்கே துண்டுதுண்டாக வருகிறது. பீட்டர் ஒருநாள் தனியாகக் குதிரையில் மலைப்பக்கம் போகிறான். அங்கே ஒரு மாடு செத்துக் கிடக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு அதன் தோலை உரிக்கிறான். வசனம் இல்லை, விளக்கம் இல்லை. அப்புறம் வேறொரு நாள், ஃபில்லும் பீட்டரும் வேலிக் கம்பக் குவியலுக்குள் ஒளிந்த ஒரு முயலைத் துரத்துகிறபோது ஃபில்லின் கையில் ஆழமாக வெட்டுப்படுகிறது. ஃபில் அதைப் பொருட்படுத்துவதில்லை. இதற்கிடையில், ஃபில் யாருக்கும் விற்காமல் எரித்துவிடுகிற மாட்டுத்தோல்களை எல்லாம், அங்கே வந்த செவ்விந்தியத் தந்தைக்கும் மகனுக்கும் ரோஸ் குடிபோதையில் தூக்கிக் கொடுத்துவிடுகிறாள். கயிற்றை முடிக்கத் தோல் இல்லாமல் ஃபில் கொதிக்கிறான். அந்த நேரம் பார்த்து பீட்டர், என்னிடம் தோல்வார் இருக்கிறது, உன்னைப் போல இருக்க வேண்டும் என்று நானே வெட்டிவைத்தேன் என்கிறான். ஃபில் உருகிப்போகிறான். வாழ்நாளில் அவனிடம் யாரும் இப்படி ஒரு பரிசு கொடுத்ததில்லை என்பதை கம்பர்பேட்ச் முகத்திலேயே காட்டிவிடுகிறார். அன்றிரவு கொட்டகையில் அந்த வாரைத் தண்ணீரில் ஊறவைத்து, வெட்டுப்பட்ட கையை அதே தண்ணீரில் விட்டு, ஃபில் கயிறு பின்னுகிறான். காலையில் அவன் படுக்கையிலிருந்து எழவில்லை.

அந்த மாடு செத்தது ஆந்த்ராக்ஸில். தமிழ்நாட்டில் மாடு வளர்ப்பவர்கள் அடைப்பான் என்று சொல்லும் நோய். இந்த நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும். மேயும் மாட்டின் உடலுக்குள் போனால் திடீர் மரணம். அடைப்பானில் செத்தது என்ற சந்தேகம் வந்தாலே அந்த மாட்டை அறுக்கக் கூடாது, தோலை உரிக்கக் கூடாது, ஆழமாகக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் முதல் விதி. காரணம், மனிதனுக்கு இது பெரும்பாலும் தோலில் இருக்கும் காயம் வழியாகத்தான் வருகிறது. ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் இந்தக் கிருமியின் வாழ்க்கைச் சுழற்சியை 1876இலேயே நிறுவிவிட்டார். எனவே 1925இல் ஒரு பண்ணைக்காரனுக்கும் ஒரு மருத்துவ மாணவனுக்கும் இது தெரியாத சங்கதி இல்லை. இறுதிச் சடங்கின்போது மருத்துவர் ஆந்த்ராக்ஸ் என்று சொல்ல, செத்த மாட்டை ஃபில் ஒருநாளும் தொட மாட்டானே என்று ஜார்ஜ் குழம்பிப்போவது அதனால்தான். தமிழில் இதைப் பார்க்கிறவர்களில் மாடு கட்டியிருந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு, பீட்டர் கையுறை மாட்டும் இடத்திலேயே உறைத்திருக்கும். நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு அது இன்னொரு பண்ணை வேலை.

மருத்துவம் தெரிந்த சிலர் இதில் ஒரு குறை கண்டுபிடித்தார்கள். தோல் வழியாக வரும் ஆந்த்ராக்ஸ் இத்தனை வேகமாகக் கொல்லாது, முதலில் வலியில்லாத கொப்புளம் வந்து கறுத்துப் புண்ணாகும், சிகிச்சையே இல்லாமல் விட்டாலும் பெரும்பாலோர் பிழைத்துவிடுவார்கள் என்றார்கள். உண்மைதான். படம் காலத்தைச் சுருக்கியிருக்கிறது. அதற்காக முடிவே அபத்தம் என்று தள்ளிவிட முடியாது. பென்சிலின் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. பெரிய திறந்த காயம், அதைக் கிருமியுள்ள தண்ணீரில் நெடுநேரம் ஊறவிட்டது, இரண்டும் சேர்ந்தால் மரணம் நடக்கக்கூடியதே.

கொலை நடந்திருக்கிறது என்பது இத்தனை தெளிவாக இருக்கும்போது பலர் ஏன் தவறவிட்டார்கள்? இந்தத் துண்டுகளில் எதற்கும் அழுத்தம் கொடுக்கப்படவில்லை. இசை உயர்ந்து எச்சரிப்பதில்லை, காமிரா பீட்டரின் கண்ணுக்குள் புகுவதில்லை. 2021 நவம்பரில் படம் சில திரையரங்குகளில் மட்டும் வந்தது. டிசம்பர் 1இல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்துவிட்டது. மிகப் பெரும்பாலானோர் பார்த்தது வீட்டில்தான். அடுப்பைப் பார்க்க எழுந்துபோவது, வாட்ஸ்அப்பில் வந்த செய்திக்குப் பதில் போடுவது, இவையெல்லாம் சேர்ந்ததுதான் வீட்டில் படம் பார்ப்பது. அந்தக் கையுறைக் காட்சியின்போது போனைப் பார்த்திருந்தால் முடிந்தது கதை. பிறகு வருவதெல்லாம், இரண்டு ஆண்கள் நெருங்கினார்கள், ஒருவர் ஏதோ காய்ச்சலில் செத்தார் என்று மட்டுமே புரியும். அப்படிப் புரிந்துகொண்டவர் படத்தைச் சலிப்பு என்று சொன்னால் அவர் பார்த்த படத்தைப் பற்றி அவர் சரியாகவே சொல்கிறார்.

ஆனாலும் கேம்பியன் எதையும் ஒளித்துவைக்கவில்லை என்பதை நான் அடித்துச் சொல்வேன். படத்தின் முதல் வாக்கியமே பீட்டரின் குரல்தான். அப்பா போன பிறகு அம்மாவின் சந்தோஷத்தைத் தவிர வேறெதையும் நான் விரும்பவில்லை, அவளுக்கு உதவாவிட்டால், அவளைக் காப்பாற்றாவிட்டால் நான் எப்படிப்பட்ட ஆண் என்று கேட்கிறான். மொத்தக் கதையும் அதில் இருக்கிறது. முதல்முறை பார்க்கும்போது நாம் அதைக் கேட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். திரையில் அடுத்து வருவது கம்பீரமான ஃபில், கவனம் முழுக்க அவன் மேல் போய்விடுகிறது. அந்தக் கொடிமரம் போன்ற பையனை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஃபில்லும் எடுக்கவில்லை. பீட்டரின் அப்பா தூக்கில் தொங்கியபோது கயிற்றை அறுத்து இறக்கியவன் அந்தப் பையன்தான். நீ போதுமான அளவு அன்பானவன் இல்லை, மிகவும் வலுவானவனாக இருக்கிறாய் என்று அப்பா தன்னைப் பற்றிக் கவலைப்பட்டதாக ஃபில்லிடம் அவனே சொல்கிறான். ஃபில் சிரித்து ஒதுக்குகிறான். முயலை வருடிக்கொடுத்துக்கொண்டே அதன் கழுத்தை முறிக்கும் கை அது. ஃபில்லும் நாமும் சேர்ந்தே ஏமாந்தோம். அந்த ஏமாற்றம் சிலருக்குப் பரவசமாக இருந்தது, சிலருக்குத் தங்களை இயக்குநர் ஏய்த்துவிட்டதாகப் பட்டது.

படத்தின் தலைப்பும் முடிவில்தான் விளங்குகிறது. இறுதிச் சடங்கு நடக்கும் வேளையில் பீட்டர் தன் அறையில் ஒரு சங்கீதத்தைப் படிக்கிறான். 22ஆம் சங்கீதம், 20ஆம் வசனம். தமிழ் வேதாகமத்தில் அது "என் ஆத்துமாவைப் பட்டயத்திற்கும், எனக்கு அருமையானதை நாய்களின் துஷ்டத்தனத்திற்கும் தப்புவியும்" என்று இருக்கிறது. இந்த 'நாய்களின் துஷ்டத்தனம்'தான் ஆங்கில வேதாகமத்தில் 'பவர் ஆஃப் தி டாக்'. எனக்கு அருமையானது என்றால் பீட்டருக்கு அம்மா. அப்படியானால் நாய் யார்? ஃபில் என்று ஒரு தரப்பு உடனே சொல்லும். எதிரே இருக்கும் மலையின் மடிப்பில் குரைக்கும் நாயின் உருவத்தை ஃபில்லையும் பிராங்கோ ஹென்றியையும் தவிர யாராலும் பார்க்க முடிந்ததில்லை. பீட்டர் வந்த புதிதில், கேட்ட மாத்திரத்தில் பார்த்துவிடுகிறான். அதை வைத்து, நாய் பீட்டர்தான் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பீட்டரை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் நடக்கும் வாக்குவாதம்தான் எல்லாவற்றிலும் சுவையானது. அம்மாவைக் காப்பாற்றிய மகன் என்று சிலர். நம்பி வந்தவனை நஞ்சு வைத்துக் கொன்ற இரக்கமற்றவன் என்று சிலர். இந்த வாக்குவாதத்துக்கு வழிதிறந்து விட்டது கேம்பியன் செய்த ஒரு மாற்றம். படத்துக்கு மூலம் தாமஸ் சாவேஜ் 1967இல் எழுதிய நாவல். நாவலில் பீட்டரின் அப்பாவை மதுக்கடையில் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துகிறவன் ஃபில். அந்த அவமானத்திலிருந்து மீளாமல்தான் அவர் தற்கொலை செய்துகொள்கிறார். ஆக, நாவல் படிப்பவருக்கு முடிவில் ஒரு கணக்கு நேராகிறது, பழிக்குப் பழி. படம் அந்தப் பகுதியை முழுவதும் விட்டுவிட்டது. ஃபில்லுக்கும் பீட்டரின் அப்பாவுக்கும் படத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. கொலைக்கான நியாயம் இதனால் இளைத்துவிட்டது, பீட்டர் முன்னைவிடப் பயங்கரமானவனாக ஆகிவிட்டான். என்னைக் கேட்டால் இது நல்ல மாற்றம். ஃபில் கொடுமைக்காரன் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கொட்டகையில் அவன் முதன்முதலாக ஒருவனை நம்பி மனம் திறக்கும் இரவிலேயே அவன் சாகவைக்கப்படுகிறான். இரண்டையும் ஒரே நேரத்தில் நம் மேல் சுமத்துகிறது படம். பழிவாங்கல் இருந்திருந்தால் அந்தச் சுமை இறங்கியிருக்கும்.

இன்னொரு சண்டை படத்துக்கு வெளியே, இதைவிடச் சத்தமாக நடந்தது. பல கௌபாய் படங்களில் நடித்த சாம் எலியட், 2022 பிப்ரவரி இறுதியில் மார்க் மாரனின் பாட்காஸ்ட்டில் இந்தப் படத்தைக் கடுமையான வார்த்தைகளில் திட்டினார். சட்டையில்லாமல் திரியும் இந்த கௌபாய்கள் ஆடை களைந்து ஆடும் சிப்பண்டேல்ஸ் நடனக்காரர்களைப் போல இருக்கிறார்கள் என்றார். ஓரினச் சேர்க்கை குறித்த குறிப்புகள் படம் முழுக்க இருப்பதைக் குறையாகச் சொன்னார். அங்கே தெற்கிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அமெரிக்க மேற்கைப் பற்றி என்ன தெரியும், நியூசிலாந்தில் எடுத்துவிட்டு மொன்டானா என்று சொல்வதா என்று கேட்டார். அமெரிக்க இயக்குநர் சங்க விருது விழாவில் கேம்பியனிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, எலியட் கௌபாய் இல்லை, ஒரு நடிகர் என்றார். மேற்கு என்பது ஒரு தொன்ம வெளி, அங்கே எல்லோருக்கும் இடமுண்டு என்றும் சொன்னார். ஏப்ரலில் எலியட் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

எலியட்டின் பேச்சை அவருடைய வசைகளோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடலாம். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பின்னால் பல பார்வையாளர்களின் மனக்குறை ஒன்று இருந்தது, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் மண்ணின் கதையை வெளியாள் வந்து எங்களுக்கே தெரியாததுபோலச் சொல்கிறாரே என்ற குறை அது. எந்த ஊர்க்காரருக்கும் இப்படித் தோன்றும். தேனி மாவட்டத்துக் கதையை வேறெங்கோ எடுத்தால் மலையின் நிறத்தை வைத்தே நம்மவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். படம் எடுக்கப்பட்ட இடம் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் உள்ள ஒடாகோ பகுதி. மரமில்லாத, பழுப்பேறிய, மடிப்பு மடிப்பான குன்றுகள். மொன்டானாவை நன்றாக அறிந்தவர்களுக்கு உறுத்தியிருக்கலாம்.

அதே சமயம் கௌபாய் படங்களின் வரலாறே இப்படிப்பட்ட இடமாற்றங்களால் ஆனது. இத்தாலியரான செர்ஜியோ லியோனே தன் புகழ்பெற்ற படங்களின் பாலைவனக் காட்சிகளை ஸ்பெயினின் அல்மேரியாவில் எடுத்தார். அமெரிக்கர்கள் அவற்றைத் தங்கள் மேற்காக ஏற்றுக்கொண்டார்கள். இத்தாலிக்காரருக்கு என்ன தெரியும் என்ற கேள்வி காலப்போக்கில் அங்கே மறைந்துபோனது. ஆக, உறுத்தியது இடம் மட்டும் இல்லை. லியோனே கௌபாயை இன்னும் பெரிய ஆளாக்கினார், கேம்பியன் அவன் நெஞ்சுக்குள் இருக்கும் பயத்தைத் திறந்து காட்டினார்.

இந்தக் கதை வெளியாள் கட்டியது என்ற வாதம் வேறொரு இடத்தில் உடைந்துபோகிறது. சாவேஜ் அமெரிக்கர், 1915இல் பிறந்தவர். அம்மா மறுமணம் செய்துகொண்ட பண்ணைக் குடும்பத்தில், மொன்டானாவில் வளர்ந்தவர். பண்ணை வேலை பார்த்தவர். ஃபில் பாத்திரத்தை, அம்மாவின் இரண்டாவது கணவருடைய சகோதரரை மனத்தில் வைத்தே உருவாக்கினார். ரோஸைப் போலவே அவருடைய அம்மாவும் அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தவர். சாவேஜுக்குத் திருமணமாகிப் பிள்ளைகள் உண்டு, ஆண்கள் மீது ஈர்ப்பும் உண்டு. அதாவது ஃபில்லையும் பீட்டரையும் உள்ளிருந்தே அறிந்த ஒருவர், எலியட்டைவிட அந்தப் பண்ணைக்கு நெருக்கமானவர், எழுதிய கதை இது. நாவல் வந்தபோது நல்ல மதிப்புரைகள் கிடைத்தன, விற்பனை இல்லை. 2001இல் மறுபதிப்பு வந்தபோது அதற்குப் பின்னுரை எழுதியவர் ஆன்னி ப்ரூ, 'புரோக்பேக் மவுன்டன்' கதையை எழுதியவர். மேற்கின் ஆண்களுக்கிடையில் இருந்த, பேசப்படாத அன்பைப் பற்றி அமெரிக்காவிலேயே ஒரு எழுத்து மரபு இருக்கிறது. கேம்பியன் அதை எடுத்துப் படமாக்கினார், அவ்வளவுதான்.

ஒரே பாலின ஈர்ப்பு உள்ள பார்வையாளர்களிடமும் ஒருமித்த கருத்து இல்லை. தன் ஈர்ப்பை மறைக்கவே பிறரைக் கொடுமைப்படுத்துகிறவன் என்ற பாத்திரம் சினிமாவில் அலுத்துப்போன ஒன்று, கடைசியில் அவன் சாகவும் வேண்டுமா என்று ஒரு தரப்பு வருந்தியது. இந்த வருத்தத்தை என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை. திரையில் இத்தகைய மனிதர்கள் பல பத்தாண்டுகளாக வில்லன்களாகவோ பிணங்களாகவோதான் வந்திருக்கிறார்கள். இந்தப் படத்தில் ஃபில் இரண்டாகவும் ஆகிறான். எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டியது, பிராங்கோ ஹென்றியின் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு ஃபில் ஆற்றங்கரையில் தனியே கிடக்கும் காட்சியை. வெறுக்க வேண்டிய மனிதனுக்காக அங்கே நெஞ்சு கனக்கிறது. இத்தனை பரிவோடு காட்டப்பட்ட ஒருவனைப் பழைய அச்சில் வார்த்த வில்லன் என்று சொல்ல முடியாது என்பது அவர்கள் வாதம். நான் இரண்டாம் தரப்பில் இருக்கிறேன், முதல் தரப்பின் களைப்பை மதித்தே.

குறை சொன்னவர்கள் சரியாகவே சொன்ன விஷயங்களும் உண்டு. ஜார்ஜ் முதல் பாதியில் அழகாக உருவாகிவருகிறார். திருமணமான புதிதில் மலைப்பாதையில் ரோஸோடு நடனமாடிவிட்டு, தனியாக இல்லாமல் இருப்பது எத்தனை நன்றாக இருக்கிறது என்று கண் கலங்கும் இடம் படத்தின் மிக நல்ல தருணங்களில் ஒன்று. இரண்டாம் பாதியில் அந்த மனிதர் எங்கே போனார்? மனைவி கண்ணெதிரே குடியில் கரைகிறாள், அவர் வந்தும் போயும் கொண்டிருக்கிறார். ஆண்கள் வீட்டில் நடக்கும் கொடுமையைக் காணாமல் இருப்பது உண்மைதான் என்று சமாதானம் சொல்லலாம். அதைப் படம் நமக்குக் காட்டியிருக்க வேண்டும், நாமாக ஊகிக்கும்படி விட்டிருக்கக் கூடாது. ரோஸின் நிலையும் அப்படித்தான். டன்ஸ்ட் உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார். ஆனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு காப்பாற்றப்பட வேண்டியவளாக மட்டும் அவள் நின்றுவிடுகிறாள். விடுதியைத் தனியாளாக நடத்திய பெண்ணின் சாமர்த்தியமெல்லாம் அந்த வீட்டு வாசலோடு மறைந்துவிடுகிறது.

தோல் வாங்க வந்த அந்தச் செவ்விந்தியத் தந்தைக்கும் மகனுக்கும் நடந்தது இதைவிடப் பெரிய இழப்பு. நாவலில் அவர்களுக்கென்று ஒரு தனிப் பயணம் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட குடியிருப்பிலிருந்து புறப்பட்டு, தங்கள் மூதாதையரின் நிலத்தைப் பிள்ளைக்குக் காட்டிவர அப்பா அவனை அழைத்து வருகிறார். ஃபில் அவர்களை வழிமறித்துத் திருப்பி அனுப்புகிறான். இந்தப் பண்ணை யாருடைய மண்ணில் இருக்கிறது என்ற கேள்வி அந்த ஒரு நிகழ்ச்சியில் எழுந்துவிடுகிறது. படத்தில் அவர்கள் சில நிமிடங்கள் வந்து, தோலை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ரோஸுக்கு ஒரு ஜோடி கையுறையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கதை நகர்வதற்கு அவர்கள் தேவைப்பட்டார்கள், அதற்கு மேல் இடம் தரப்படவில்லை. மேற்கு யாருக்குச் சொந்தம் என்று எலியட்டும் கேம்பியனும் மோதிக்கொண்ட மாதங்களில் இவர்களைப் பற்றிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. நாவலைத் தேடிப் படிப்பவர்கள் அந்தப் பகுதியை அவசரமில்லாமல் படிக்க வேண்டும்.